ஒரே உதையில் ஸ்டார்ட் ஆக வேண்டும்

அந்த வண்டியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர் வைத்த பொக்கிஷம். எனக்கு அது புகை கக்கும் சனியன். குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் மேடு, உருட்டி ஸ்டார்ட் செய்ய வழியில்லை. காலையில் அவர் உதைக்க ஆரம்பித்தால், நான் இட்லி ஊற்றி இறக்கி, சட்னிக்குத் தாளித்து முடிக்கும்வரை உதைத்துக்கொண்டிருப்பார். கேட்டால், "கார்புரேட்டர் ரெண்டும் தேஞ்சுபோச்சு, மாத்தணும்" என்பார். மாற்றமாட்டார்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். சாத்தத்தில் இருக்கும் மர ஆலையில் வேலை முடிந்து வெளியே வந்து, படகுத்துறை ஓரம் நிறுத்தியிருந்த வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அக்கரை பேம்பூ ஃப்ளாட்டுக்குப் போகும் படகுக்காகச் சுற்றிலும் அத்தனை ஜனம். அதில் ஒருவர் பக்கத்தில் வந்து இந்தியில், "மை மாரூம் க்யா?" என்று, தான் உதைத்துத் தரட்டுமா என்று கேட்டுமிருக்கிறார். இவர் "ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகா" என்று கையை ஆட்டி அவரை அனுப்பிவிட்டு, வலியோடு மறுபடி உதைத்திருக்கிறார். கீழே விழுந்த பிறகுதான் நிறுத்தினார்.

ஆகிவிடும், நடந்துவிடும் என்கிற இந்த 'ஹோ ஜாயேகா' எங்கள் தீவில் தமிழன், பெங்காலி, தெலுங்கன் எல்லார் வாயிலும் புழங்குவதுதான். ஆனால் இவர் சொன்னால், யாரும் கிட்டே வராதே என்று பொருள். கேஸ் சிலிண்டருக்கு ஒரு கை கொடுக்க வந்தால் ஹோ ஜாயேகா. காய்ச்சலில் கிடந்தாலும் ஹோ ஜாயேகா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வெளியாள் ஒருவரிடம் "கொஞ்சம் பிடிங்க" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வண்டிமேல் இருந்த கோபத்தைவிட எனக்கு அந்த வீம்புமேல்தான் கோபம் அதிகம்.

சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துத் திரும்பினோம். பாரம் தூக்கக் கூடாது, கிக்கர் உதைக்கக் கூடாது, மெதுவாக ஓட்டலாம் என்றார் டாக்டர். ஆலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகக் கொடுத்தார்கள். காலையில் பக்கத்து வீட்டு பாயுடைய வேனில் போய், சாயங்காலம் பஸ்ஸில் வந்தார். வீட்டில் குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடங்களை நான் சுமக்க, இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் பேசமாட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வடக்கே மாயாபந்தர் ஊரில் ஒருவர் அந்த வண்டியை வாங்கத் தயாராக இருந்தார். கொடுத்துவிடலாம் என்றேன். அன்றுதான் இவர் பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"கார்புரேட்டர் ரெண்டையும் புதுசா மாத்திட்டா ஒரே கிக்குல எடுக்கும். நீயே உதைச்சுப் பாரு. எடுக்கலன்னா மாயாபந்தருக்குப் போன் போட்டுடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"என் காலால ஒரே கிக்கு. ரெண்டாவது கிடையாது."

"சரி."

இந்தப் பழைய வண்டிக்கு இங்கே கார்புரேட்டர் கிடைக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் மெயின்லேண்டுக்குக் கிளம்பினால் அவர் பெட்டி அவருடையதல்ல, தெருவுடையது. அந்தத் தடவை மாட்டியவர் பக்கத்து வீட்டு பாய். ஜவுளிக்கடைக்காரர், சரக்கெடுக்கச் சென்னை போயிருந்தார். அங்கே என் தம்பி கடைகடையாக அலைந்து இரண்டு கார்புரேட்டர் வாங்கிக் கொடுக்க, புடவை மூட்டைக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார் பாய்.

பிரித்துப் பார்த்த இவர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டும் வலது பக்கத்துக்கானவை. இடது பக்கத்தில் அதை மாட்டினால் திருக வேண்டிய ஸ்க்ரூ உள்ளே திரும்பி ஒளிந்துகொள்ளுமாம், கை நுழையாதாம். தம்பிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துத்தானே வாங்குனேன். கடைக்காரன்கூட வேற ஒண்ணு எடுத்துக் குடுத்தான், அது ஜோடி சேரலன்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

"செருப்பு வாங்கும்போதும் ரெண்டும் ஒரே காலுக்காடா வாங்குவ?" என்று கத்தினேன். இவர் சிரித்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சனியன் பிடித்த கார்புரேட்டருக்கு ஒரு நன்றி.

அடுத்த கப்பல், அடுத்த ஆள் என்று காத்திருந்தோம். கடைசியில் பாயின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தன் தங்கை வீட்டு விசேஷத்துக்குச் சென்னை போய்விட்டு வரும்போது இடது பக்கத்துக்கானதை முறுக்கு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஒண்ணு வச்சாங்க, வண்டிக்கு ரெண்டு வைக்கிறீங்க. அதுக்குத்தாம்மா மதிப்பு" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆனதும் வாசல் சிமெண்டுத் தரையில் பழைய பேப்பரை விரித்து வேலையை ஆரம்பித்தார். கழற்றிய நட்டுகளைப் போட ஒரு தட்டு கேட்டார். கேட்டார் என்பதே எனக்கு அதிசயம். ஓட்டை விழுந்த இட்லித் தட்டைக் கொடுத்தேன். பெட்ரோல் குழாயை மூடி, ட்யூபை உருவி, பழையது இரண்டையும் கழற்றினார். உள்ளே மேலும் கீழும் போய்வரும் உருளை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"பாரு, எவ்வளவு லூசா இருக்கு. இந்தச் சந்துல காத்துப் புகுந்தா எப்படி எடுக்கும்? வண்டி மேல தப்பே இல்ல."

"வண்டிய யாரு சொன்னா" என்றேன்.

புதியதை மாட்டிய பிறகு ஒரு வேலை வைத்தார். இரண்டு கார்புரேட்டரிலும் அந்த உருளைகள் சேர்ந்தாற்போல எழும்ப வேண்டும். ஒன்று முந்தினால் வண்டி இழுக்காது. ஆக்ஸிலேட்டரை நான் திருக வேண்டும், அவர் இரண்டு பக்கத்து வாயிலும் ஒவ்வொரு விரலை விட்டுத் தொட்டுப் பார்ப்பார். "மெதுவா. இன்னும் மெதுவா. விடு. மறுபடி." கண்ணை மூடிக்கொண்டு, வண்டியைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை கடுத்தது. இடது பக்கம் ஒரு மயிரிழை பிந்துகிறது என்று கேபிளைத் திருகுவார், மறுபடி முதலிலிருந்து. நான் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வெயில் தாழ்வதற்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நின்றுகொண்டார். நான் புடவையை இழுத்துச் செருகினேன். இவர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று துணியால் கையைத் துடைத்தபடி, "முழுசா அழுத்து, பாதியில விட்ராத" என்றார். குரல் சரியாக இல்லை.

உதைத்தேன். முழு பலத்தோடுதான் உதைத்தேன். வண்டி ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது.

இன்னொரு தடவை என்று கேட்பார், நான் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. துணியை நான்காக மடித்தார். "சொன்னது சொன்னதுதான். மாயாபந்தருக்குப் போன் போடு" என்று சொல்லிவிட்டு, கை கழுவ உள்ளே போனார். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவரும் போய்விட்டார்.

போனைக் கையில் எடுத்தேன். ஜெயித்துவிட்டேன், சனியன் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டே குனிந்தபோதுதான் பார்த்தேன். டாங்கிக்குக் கீழே பெட்ரோல் குழாய் மூடியே இருந்தது. மத்தியானம் மூடியவர் திறக்கவே இல்லை. ஒரு நட்டை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற ஆள், இதை மறந்துவிட்டார். அவ்வளவு பயந்துபோய் இருந்திருக்கிறார். என் ஒரு உதைக்குத் தன் மிச்ச வாழ்க்கையையே வைத்துவிட்டு நின்றிருக்கிறார், பாவி மனுஷன்.

அந்தக் குழாயை நான் மட்டும்தான் பார்த்தேன். அப்படியே விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உள்ளே பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை. சும்மா நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

குழாயைத் திறந்தேன். பெட்ரோல் இறங்கட்டும் என்று கொஞ்சம் நின்றேன். பிறகு உதைத்தேன்.

இரண்டு சைலன்சரிலும் புகை கிளம்பியது. தெருவே திரும்பிப் பார்க்கிற அந்தப் பாழாய்ப்போன சத்தம். இவர் கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ரெண்டாவது கிக்கு" என்றார்.

"பெட்ரோலே தொறக்காம உதைக்கச் சொன்னா எப்படி எடுக்கும்? அது கணக்குல வராது."

குனிந்து பார்த்தார். "மறந்துட்டேன்" என்றார், சின்னக் குரலில்.

"விக்கல" என்றேன். "காலையில நான் உதைச்சுத் தரேன். ஆனா சாத்தத்துல சாயங்காலம் யாரையாவது கேட்டுத்தான் எடுக்கணும். நீங்களா உதைச்சீங்கன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னிக்கே வண்டி மாயாபந்தர் போயிடும்."

கையிலிருந்த நுரையைத் துணியில் துடைத்தார். ஹோ ஜாயேகா என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உதைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பகலெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. இந்த ஆள் வாய் திறந்து கேட்பாரா? வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருவாரா? இல்லை, பழைய வீம்பில் தானே காலைத் தூக்கிவிடுவாரா? ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் ஊர் இது. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். மேட்டில் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றேன்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். வாங்கவில்லை.

"யாரு உதைச்சா?"

"படகுக்கு நின்னுட்டிருந்த ஒருத்தர்."

"என்னன்னு கேட்டீங்க?"

ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "'பாய், ஏக் கிக் மார் தோ'ன்னேன்."

அண்ணே, ஒரு கிக்கு உதைச்சுக் குடுங்க என்று கேட்டிருக்கிறார். "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, உதைச்சாரு" என்றார். "ஒரே கிக்குல எடுத்துச்சு. பசிக்குது, என்ன வச்சிருக்க?"