சோலிய முடிச்சிருதேன்

பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மீரா முகைதீனுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்ததாக அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். டார்ச் அடிப்பதற்கென்று ஒருவர் போனில் ஏற்றிய செயலி, அவருடைய தொடர்பு எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டிருக்கும். கோளாறு பார்க்கக் கொண்டுவந்தவருக்குத்தான் ஏச்சு விழும்.

“வெளிச்சம் போடுததுக்கு எதுக்குவே உம்ம மாமனார் நம்பரு? அவரு என்ன பல்பா?”

இதை வைத்து அவரைப் பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் முதலில் கழற்றிப் பார்ப்பவர் அவர்தான். பழைய இரும்புக் கடையில் கிடந்த கணினிகளின் உறுப்புகளைச் சேர்த்து, தன் கடைக்கென்று தனியாக ஒரு சர்வர் செய்து வைத்திருந்தார். கோபமெல்லாம் கருவியின் மேல் அல்ல. கேட்டதையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள் மேல்.

விஞ்ஞானப் படங்கள் என்றால் உயிர். பார்த்து முடித்ததும் திட்டுவதற்காகவே பார்ப்பார். “கண்ணு செவப்பா எரிய, சொவத்த ஒடச்சிக்கிட்டு வருதாம் ரோபோ. அப்பிடி வந்தா ஓடிப்போயிர மாட்டமா? அது அப்பிடி வராதுவே. ‘சம்மதம்’னு ஒரு பொத்தானப் போட்டுக்கிட்டுப் பைய வரும்.” வேற்றுக்கிரகத்து ஆட்கள் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குவதும் அவருக்குப் பொறுக்காது. “கூடங்குளத்துப் பக்கம் எறங்கச் சொல்லுங்கவே. செக்போஸ்ட்டுல ஆதார் கேட்டு நிறுத்திருவான். பூமி பொழச்சுக்கிடும்.”

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்கும் ஒரே ஆள் இசக்கிமுருகன். அடுத்த கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். மீரா முகைதீனின் மச்சான் மூலமாக ஓமானில் ஒரு பம்புப் பட்டறையில் அவனுக்கு வேலை அமைந்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. மாதக் கடைசிக்குள் விமானம் ஏறாவிட்டால் விசா வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் கேமரா வந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் பெருமாள்ராஜ், லேத் பட்டறை வைத்திருப்பவர், ஏதோ ஒரு கம்பெனியைப் பிடித்து இலவசமாக வைக்க ஏற்பாடு செய்தார். வெறும் படம் பிடிக்கிற கேமரா அல்ல, பேச்சையும் கேட்கும். சண்டை, மிரட்டல், கூச்சல் எதுவானாலும் தானாகவே புரிந்துகொண்டு போலீசுக்கும் சங்கத்தாரின் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பும்.

“அண்ணாச்சி, சும்மா தாரான்னா நம்மளத்தான் விக்கான்னு அர்த்தம்” என்று கூட்டத்தில் எழுந்து கத்தினார் மீரா முகைதீன். “டீக்கடையில நாம பேசுததெல்லாம் எவன் காதுக்குப் போவுதுன்னு கேட்டீரா?”

“பாய், நீரு படம் பாத்துப் பாத்துக் கெட்டுப்போயிட்டீரு. நாம என்ன ராணுவ ரகசியமா பேசுதோம்? வடைக்குச் சட்னி இல்லன்னு பேசுதோம். கேட்டுட்டுப் போவட்டும்.”

கூட்டம் சிரித்தது. கேமரா ஏறியது.

இசக்கிமுருகன் டீக்கடை வாசலில் நின்று மனைவியோடு போனில் பேசியது அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு. பெருமாள்ராஜ் பட்டறை மோட்டார் ஒன்று எரிந்துபோய் அவனிடம் வந்திருந்தது. மனைவி எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்டிருக்கிறாள். அவன் சொன்னது இவ்வளவுதான்: “பெருமாள்ராஜ் அண்ணாச்சி சோலிய இன்னைக்கே முடிச்சிருதேன். முடிச்சிட்டு வந்து பேசுதேன்.”

டீ ஆறுவதற்குள் தெருவில் எல்லார் போனும் அலறியது. ‘கொலை மிரட்டல். குறிவைக்கப்பட்டவர்: பெருமாள்ராஜ்.’ கீழே இசக்கிமுருகனின் முகம், வட்டம் போட்டு.

ஸ்டேஷனில் அவனை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார் மீரா முகைதீன். எஸ்ஐ வேலூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

“ஒருத்தர் சோலிய முடிச்சிருவேன்னா என்னய்யா அர்த்தம்?”

“சோலின்னா வேல சார். அவரு வேலய முடிச்சுக் குடுத்திருதேன்னு சொல்லியிருக்கான்.”

“அப்ப வேலைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

மீரா முகைதீனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. “சார், எங்க அம்மா வயித்துல இருக்கும்போதே கேட்ட வார்த்த சார் அது. ஒரு டப்பா வந்து தப்புன்னு சொன்னா நாங்க பேச்ச மாத்தணுமா?”

“சத்தம் போடாதீங்க.”

அப்போது மூலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த முக்கூடல்காரி, காவலர் இசக்கிச்செல்வி, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “சார், இந்த டைப் அடிக்கிற சோலிய முடிச்சிட்டு நான் சாப்பிடப் போவட்டா?”

எஸ்ஐ அவளைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த இசக்கிமுருகனைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அறையே சிரித்தது, மீரா முகைதீனைத் தவிர. பசியோடு இருக்கிற ஒரு பெண் ஒரே வரியில் விளக்கிவிட்டதை, உலகத்தையே படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் மெஷினுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று அவருக்கு எரிந்தது.

“பையன் மேல தப்பில்ல, புரியுது” என்றார் எஸ்ஐ. “ஆனா எச்சரிக்கை இவன் பேர்ல பதிவாயிருக்கு. அந்தக் கம்பெனி வாபஸ் வாங்கணும். அது தொறந்து கிடக்கிற வரைக்கும் பாஸ்போர்ட்டுக்கு நான் எப்படிய்யா நல்லபடியா எழுதுறது?”

வெளியே வந்ததும் இசக்கிமுருகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீரா முகைதீன் நேராகப் பெருமாள்ராஜ் பட்டறைக்குத்தான் போனார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பலமுறை தட்டிய பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திறந்தார் பெருமாள்ராஜ்.

“பயந்துபோயிட்டீராக்கும்?”

“அதில்ல பாய்… மெஷினே சொல்லுதே. எதுக்கும் சாக்கிரதையா…”

“அண்ணாச்சி, அவங்கிட்ட மோட்டாரக் குடுத்தது நீரு. நேத்து அவங்கிட்ட, ‘ஏலே, எஞ் சோலிய எப்பம்லே முடிப்ப’ன்னு தெருவுல நின்னு கத்துனது நீரு. அந்த வார்த்தையிலதான நீரு வளந்தீரு? அது உமக்கே கொலையாத் தெரிஞ்சா, அந்த டப்பாவ நான் என்னத்துக்கு ஏசணும்?”

மெஷின் தப்பாகக் கேட்டதைக்கூட மீரா முகைதீனால் மன்னிக்க முடியும். மெஷின் கேட்டதைக் கேட்டு, ஒரு மனுஷன் தன் காதையே சந்தேகப்பட்டதுதான் அவருக்கு ஆறவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டபோது, எடுத்த பெண் தேன் போலப் பேசினாள். உங்கள் வட்டாரத் தமிழ் எங்கள் அமைப்புக்குப் புதிது, சார். தெருவில் உள்ள எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் குரலில் சில வாக்கியங்களைப் பதிவு செய்து கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதும் பழைய எச்சரிக்கையை நீக்கிவிடுவோம்.

“களவாண்டதையும் களவாண்டுட்டு, பூட்டு சரியில்ல, சாவியையும் தாங்கன்னு கேக்கா பாரு” என்று குதித்தார் மீரா முகைதீன்.

தெருவுக்கு அது திருவிழாவாகிவிட்டது. டீக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தடவை பதிவு செய்தார். தையல்கடை சித்தி ஜனாபா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “குரலுதானே எடுக்கும், மொகத்த எடுக்காதுல்லா?” என்று கேட்டுவிட்டுப் பேசினாள். பெருமாள்ராஜின் போனில் கடைக்கு ஒரு புள்ளி. பேசி முடித்த கடைகள் பச்சை. சாயங்காலத்துக்குள் ஒன்றே ஒன்றுதான் சிவப்பாக இருந்தது.

இசக்கிமுருகன் மீரா முகைதீனின் கடை வாசலில் வந்து நின்றான்.

“பாய், உமக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம். ஓமான் இல்லாட்டி என்ன, இங்கனயே காயில் கட்டிக்கிட்டுக் கெடப்பேன்.”

“வாய மூடுலே. பெரிய தியாகி வந்துட்டான்.” அவன் பின்னாலேயே வந்திருந்த பெருமாள்ராஜ் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். “கொண்டாரும்வே போன.”

திரையில் எழுதியிருந்தது: ‘கோபமான குரலில் சொல்லவும். உன் சோலிய முடிச்சிருவேன்.’

அவர் அதை உடனே சொல்லவில்லை. போனை வாயருகே கொண்டுபோய், அந்தக் கம்பெனியை, அதன் இலவசத்தை, தேன்குரல்காரியை, கதவைத் தாழிட்டுக்கொண்ட பெருமாள்ராஜை, சிரித்துக்கொண்டே குரல் கொடுத்த தெருவை, ஒன்று விடாமல் ஏசி, கடைசியில் அந்த வாக்கியத்தையும் சேர்த்துத் துப்பினார். எதிர்க்கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

‘மிக நன்று! கோபம் தெளிவாகப் பதிவாகியுள்ளது.’

“முடிஞ்சுதா?”

“இன்னும் ஒண்ணு கேக்கு பாய்” என்றார் பெருமாள்ராஜ், போனைத் தொடப் பயந்துகொண்டு. “மகிழ்ச்சியான குரல்ல சொல்லணுமாம். ‘சோலி முடிஞ்சுது.’”

சொன்னார். ‘மீண்டும் முயலவும்.’ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ‘மீண்டும் முயலவும்.’ குரலை உயர்த்திப் பார்த்தார், தாழ்த்திப் பார்த்தார், சிரிப்பது போல உதட்டை இழுத்துப் பார்த்தார். மெஷின் மசியவில்லை.

“பாய்,” என்றான் இசக்கிமுருகன் பைய, “நான் மஸ்கட்டுல எறங்கிட்டேன்னு ஒமக்குப் போன் பண்ணுதேன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லும்.”

மீரா முகைதீன் அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் கேலி இல்லை.

“சோலி முடிஞ்சுது” என்றார்.

புள்ளி பச்சையானது. எச்சரிக்கை நீக்கப்பட்டதாக எல்லார் போனிலும் மணி அடித்தது. டீக்கடைப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள்.

அவர் மட்டும் போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு நின்றார். கோபத்தைக் கொடுத்ததில் அவருக்கு ஒன்றும் போகவில்லை. அதை அவர் ஊருக்கே சும்மா கொடுக்கிறவர். இரண்டாவதாகச் சொன்னது அவனுக்காகச் சொன்னது. அது மெஷினுக்கு எதுக்கு?

“என்னலே சிரிச்சிக்கிட்டு நிக்கே?” என்று இசக்கிமுருகன் மேல் பாய்ந்தார். “வண்டிய எடு. எஸ்ஐ வீட்டுக்குக் கெளம்புததுக்கு முன்னால பாஸ்போர்ட்டுக்கு எழுதி வாங்கணும்.”