இரண்டாவது துளையின் அரக்கு

என் மேசை இழுப்பறையில் சிவப்பு அரக்குத் துண்டு ஒன்று கிடக்கிறது. அதில் கட்டைவிரல் ரேகை, ஏழு கோடுகள் தெரிகின்றன. என் சூப்பர்வைசரின் விரல். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூர் தொலைபேசி நிலையத்தில் நான் ஆபரேட்டர். மலையிலிருந்து கீழே பேச இரண்டே லைன். ஒன்று ஊருக்கு, மற்றது அதிகாரிகளுக்கு. ஊர் லைனுக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும். அதிகாரி லைனைப் பதினான்கு நாள் எண்ணிப் பார்த்தேன்: நாளொன்றுக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. சும்மா கிடக்கும் நேரத்தில் ஊருக்குக் கொடுப்போம், அதிகாரி கேட்டால் உடனே திருப்பிவிடுவோம் என்று சூப்பர்வைசரிடம் எழுதிக் காட்டினேன். "எண்ணிக்கினே இருந்தா வேலைய யாரு பாக்கறது? லைன் சும்மா கீறதும் ஒரு வேலதான்யா" என்றார். நான் ரகசியமாகக் கொடுத்துவிடுவேன் என்று சந்தேகம் வேறு. அன்றே, கம்பியைச் செருகி லைன் கொடுக்கும் பலகையில் அந்த லைனின் துளைமேல் அரக்கை உருக்கி ஊற்றி, ஆறுமுன் விரலை அழுத்தினார். அதிகாரி கேட்டால் அவரே உடைத்து, மறுபடி ஊற்றிக்கொள்வாராம்.

ஒருநாள் அவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது ஒரு மலை விவசாயி ஓடிவந்தார். "சார், பொண்டாட்டி ஆஸ்பத்திரில கீறா. கொழந்த குறுக்கால கீதாம். கீழேர்ந்து ஜீப்ப வரச் சொல்லணுமாம்." ஊர் லைனில் ஒரு புளி வியாபாரி அரைமணி நேரத்துக்கு அழைப்புகளைச் சேர்த்துப் பதிவுசெய்து செங்கத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசும் கூண்டின் கதவைத் தட்டிக் கெஞ்சினேன். "என் முறை முடியட்டும், நீ இன்னா நடுவுல?" என்று திரும்பிக்கொண்டார். பேச்சை அறுக்க எனக்கு அதிகாரமில்லை. பலகையை விட்டு நகரவும் கூடாது. விவசாயியையே டீக்கடைக்கு அனுப்பினேன். "வர்றேன், போ" என்றாராம் சூப்பர்வைசர். திரும்பி வந்த விவசாயி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஓட்ட சும்மாதான சார் கீது?"

பேனாக்கத்தியால் அரக்கைப் பெயர்த்தேன். ஜீப் வந்தது. தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றாராம் டாக்டர். டீ குடித்துவிட்டு வந்த சூப்பர்வைசர் கேட்டது ஒன்றே ஒன்று: "சீல யாரு ஒடச்சது?" மறுநாள் என் மேசையில் மெமோ இருந்தது.

இப்போது மலையில் கைபேசிக் கோபுரம் நிற்கிறது. எந்த வழி சும்மா இருக்கிறதோ அதை இயந்திரமே பார்த்துக் கேட்பவருக்குக் கொடுத்துவிடுமாம். அதைக் கேள்விப்பட்டபோதும் அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. அன்று அரக்கைப் பெயர்க்க எனக்கு ஆனது நான்கு நிமிடம். அதற்கு முன், அவர் வந்துவிடுவார், அவரே உடைக்கட்டும் என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது பத்தொன்பது நிமிடம். அந்தப் பத்தொன்பதையும் அவர் தலையிலேயே போட்டிருக்கிறேன். அரக்கில் இருப்பது அவர் விரல்தானே.