கண்ணாடி மேஸ்திரியும் ஏழு புழுக்களும்

தான் பூசிய சுவரில் எறும்பு ஏறினால் வழுக்கி விழும் என்று சொல்லிக்கொண்டு திரிவார் அவர். பெருமை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. முப்பது வருடமாகச் சாந்துக் கரண்டி பிடித்த கை. பூசி முடித்த சுவரைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எங்காவது ஒரு மணல் துகள் நெருடினால் போதும், அன்றைக்கு உடன் வேலை செய்கிற ஒருவருக்கும் தொண்டையில் டீ இறங்காது. கண்ணாடி மேஸ்திரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அவர் மூக்கின் மேல் கண்ணாடியைத் தேடிவிட்டு ஏமாந்துபோவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டின் பின்பக்கச் சுவர் மட்டும் பத்தொன்பது வருடமாகப் பூசப்படாமல் செங்கல் தெரிய நின்றது. குடிவந்த முதல் மாதமே மனைவி கேட்டாள். "அடுத்த மாசம்" என்றார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. ஊரார் சுவருக்கெல்லாம் ஓடிய கை, சொந்தச் சுவர் என்றதும் சோம்பிப்போயிற்று. நாலைந்து வருடம் கேட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவளுக்கு அந்த ஆசை போய்விட்டது என்று நினைத்து மேஸ்திரி நிம்மதியாக இருந்தார். கணவன்மாருக்கு இந்த மாதிரி விஷயங்களில் மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

அந்தச் சுவரை ஒட்டி, அவர் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த காலி பெயிண்ட் வாளிகள் ஐந்தில் அவள் தக்காளி வைத்திருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் உதவியாள் அவள். சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவதில் பகல் போய்விடும். வீட்டுக்கு வந்தால் தோள்பையைக்கூட இறக்காமல் நேரே செடிகளிடம்தான் போவாள். ஒரு நாள் மாலை அப்படிப் போனபோது பாதி இலைகளைக் காணோம். வாளிகளைச் சுற்றி மிளகு மிளகாக ஏதோ உதிர்ந்து கிடந்தது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். அவள்தான் முதலில் தொட்டாள், தண்டு என்று நினைத்து. தண்டு நெளிந்தது. அவள் போட்ட கூச்சலில் மேஸ்திரி பக்கத்து வாளியை உதைத்துக் கவிழ்த்தார். கட்டைவிரல் தடிமனுக்குப் பச்சைப் புழு; பக்கவாட்டில் மஞ்சளும் ஊதாவுமாகச் சாய்ந்த கோடுகள், வால்பக்கம் வளைந்த கொம்பு. ஒன்றைப் பார்த்துவிட்ட பிறகு மற்றவை தாமாகவே கண்ணில் பட்டன. மொத்தம் ஏழு.

மேஸ்திரி ஒன்றைக் கீழே தட்டிவிட்டுச் செருப்புக் காலைத் தூக்கினார்.

"மிதிச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற" என்றாள். அலறியவளும் அவள்தான், தடுத்தவளும் அவள்தான்.

மறுநாள் உயிரியல் டீச்சரிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். அது பெரிய அந்துப்பூச்சியின் புழுவாம். தின்று முடித்ததும் நிறம் மங்கி மண்ணுக்குள் போய்விடுமாம். மூன்று வாரம் கழித்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சியாக வெளியே வருமாம்.

"தக்காளி போனாப் போகுது, கடையில வாங்கிக்கலாம்" என்றாள். "இது பறக்கறதை நான் பாக்கணுங்க."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. இவள் தன்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தார், ஞாபகத்துக்கு எட்டவில்லை. தலைகீழாக நின்றாவது அதைக் காட்டிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

ஒரே வாரத்தில் ஐந்து செடிகளும் மொட்டை. ஏழு புழுக்களும் பழுப்பேறி, ஒரு சாயங்காலம் முழுக்க எதையோ தொலைத்தவர்கள் போல அலைந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து நடு வாளியில் விட்டாள். எல்லாம் மண்ணுக்குள் இறங்கியதும், "நல்லா தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வேறு வந்தாள்.

மேஸ்திரிக்கு ஞானோதயம் பிறந்தது அப்போதுதான். விருந்தாளி வரப்போகிற இடம் இப்படியா இருப்பது? மொட்டைத் தண்டுகளைப் பிடுங்கினார். செடிக்கு முட்டுக்கொடுத்த குச்சிகளை உருவி எறிந்தார். அடுத்த ஞாயிறே சாந்து குழைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் முடிந்தது. அவர் ஆயுளிலேயே அப்படி ஒரு சுவர் பூசியதில்லை. அவள் வந்து உள்ளங்கையால் தடவினாள். இன்னொரு முறையும் தடவினாள். அவருக்கு அது போதும்.

இருபத்திரண்டாம் நாள் காலை பல் தேய்க்கக் கொல்லைக்கு வந்தவர், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். சுவரடியில் ஒரு பூச்சி கிடந்தது. சிறகுகள் விரியாமல், கசக்கி எறிந்த காகிதம் போலச் சுருங்கி, அப்படியே காய்ந்திருந்தன. உயிர் இருந்தது. அவர் பார்க்கப் பார்க்க அது சுவரில் ஏற முயன்றது, வழுக்கியது, மறுபடியும் முயன்றது. இரவெல்லாம் ஏறி ஏறி விழுந்திருக்க வேண்டும். அடிச்சுவரில் அதன் உடம்புத் தூள் சாம்பலாக ஒட்டியிருந்தது.

சாந்து வேலை தெரிந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வழவழப்பில் எதுவும் நிற்காது. பழைய சுவரில் புதுப் பூச்சு நிற்பதற்கே முதலில் கொத்திவிட வேண்டும். தொங்கிச் சிறகை விரிக்க இந்தப் பூச்சிக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. செங்கல் சுவராக இருந்தவரை ஆயிரம் பிடி இருந்தது. எறும்பு வழுக்கும் என்று பேசிய பெருமை இந்தப் பூச்சியின் தலையில் விடிந்துவிட்டது.

அவள் பூச்சியைக் கையில் ஏந்திக்கொண்டாள். "பாவம்" என்றாள், அவ்வளவுதான். டீச்சரிடம் காட்ட ஒரு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவரை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவள் திரும்பியபோது தெருமுனைக்கே சத்தம் கேட்டது. மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை. நடு வாளியைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, சுத்தியலும் உளியுமாகத் தன் சுவரைத் தானே கொத்திக்கொண்டிருந்தார். பாதிச் சுவர் அம்மைத் தழும்பாகியிருந்தது. தலை, மீசை, புருவம் எல்லாம் சிமெண்டு.

"என்னங்க இது?"

"பிடிமானம்" என்றார் மூச்சு வாங்க. "உள்ள இன்னும் ஆறு இருக்குல்ல."

அவள் தோள்பையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் போலத் தெரிந்தது. பிறகு உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருட்டுவதற்குள் முழுச் சுவரையும் கொத்தி முடித்து, வாளியைப் பழைய இடத்திலேயே வைத்தார் அவர்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் மண் அசைந்தது. ஈரச் சிறகும் தடித்த உடம்புமாக ஒன்று வெளியே வந்து, வாளி விளிம்பைத் தாண்டிச் சுவரில் காலை வைத்தது. ஒரு குழி, அடுத்த குழி, அதற்கு மேல் இன்னொன்று. ஆள் தோள் உயரம் ஏறி, அங்கே தொங்கிக்கொண்டது. இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருங்கிக் கிடந்த சிறகுகள் மெல்ல மெல்ல நீண்டு, பழுப்பும் மஞ்சளுமாக விரிந்தன. நன்றாக இருட்டத் தொடங்கியதும் பூச்சி குளிர் கண்டதுபோல் நடுங்கியது. அப்புறம் பறந்தே விட்டது. அவள் தலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கூரைக்கு மேல் போய் மறைந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"பாத்தேன்" என்றார். பூச்சியைப் பாதிதான் பார்த்தார், மீதி நேரம் அவளைத்தான் பார்த்தார். மனசு நிறைந்துபோயிருந்தது.

அவள் எழுந்து உள்ளே போய், தோள்பையிலிருந்து முழ நீளக் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன இது?"

"செத்த பூச்சியைக் காட்டப் போன அன்னைக்கே டீச்சர் குடுத்தாங்க. வாளியில ஒரு குச்சி நட்டு வெச்சா போதுமாம். பூச்சி அதுல ஏறிக்குமாம்."

மேஸ்திரி குச்சியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அடிப்பாவி! நான் கொத்திக்கிட்டு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள், பக்கத்து வாளியில் உட்கார்ந்தபடி. "அப்பேர்ப்பட்ட சுவரு. அதை எனக்காக நீங்களே கொத்தறீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கலாம்னு தோணுச்சு."