ஈனோகா அடிக்காத மணி

என் பெரியம்மா மகன் ஈனோகாவுக்கு இருபத்திரண்டு வயது. எனக்குப் பதினைந்து. ஊரில் என்னை அழகன் என்பார்கள். அவனை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவன் கடந்து போனதும் கோழிகளை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவனுக்குப் புருவம் முன்தள்ளி, இடது கண் பாதி மூடி, தாடை கோணலாக இருக்கும். பிறந்ததே அப்படி. அக்டோபரில் வெள்ளை ஞாயிறு அன்று பிள்ளைகள் கோயிலில் நாடகம் போடுவோம். வேஷம் பிரிப்பவர் போதகரம்மா. ஆறு வயதில் அவனுக்குக் காயீன். அப்புறம் யூதாஸ், கோலியாத். எனக்கு ஆறு வயதில் தேவதூதன்; மீசை அரும்பிய பிறகும் அதே இறக்கைதான். பள்ளியில் சத்தம் கேட்டால் வாத்தியார் திரும்பாமலே, "ஈனோகா, வெளிய போ" என்பாராம். எட்டாவதோடு நின்றுவிட்டான். வாழ்நாளில் ஒரு மாங்காய் திருடியதில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், திருடியதெல்லாம் நான்.

இந்த வருஷம் நியூசிலாந்து ஆப்பிள் தோட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஊர்ச்சபை எழுதிய பட்டியலில் அவன் பெயர் எட்டாவது.

"அங்க யாருக்கும் என்னத் தெரியாதுல்ல" என்றான். அவன் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பட்டியல் போட்ட அந்த வாரம் பக்கத்து ஊரோடு வாலிபால். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். மாலை ஜெப மணி அடித்தால் எங்கள் தீவில் போட்டது போட்டபடி உட்கார்ந்துவிட வேண்டும். மணி என்பது கோயில் வாசலில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர். ஆறு மணிக்கு அடிக்க வேண்டியதை நான் நாலு மணிக்கே அடித்துவிட்டேன். இரண்டு ஊரும் மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. பந்து மட்டும் உருண்டு போனது.

அந்நேரம் கிழங்குத் தோட்டத்திலிருந்து கோயில் வழியாக வந்தவன் ஈனோகா. அது போதுமாக இருந்தது.

சபை கூடிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்கப் போனது. நான் எழுந்தேன்.

"நான்தாங்க அடிச்சேன். மணி அடிச்ச கம்பிகூட எங்க கூரையில சொருகி வச்சிருக்கேன்."

"அங்க அவன் ஒளிச்சிருப்பான்" என்றார் தலைவர். "பாத்தீங்களா, அண்ணனுக்காகப் பழி சுமக்குது புள்ள. மொகத்துலயே தெரியுதே!"

போதகரம்மா கண்ணைத் துடைத்தார். பெயரை அடித்தார்கள்.

திரும்பி வரும்போது ஈனோகா, "ஏன்டா எந்திரிச்ச?" என்றான். "இதுவரைக்கும் முரடன். இப்ப தம்பிய மெரட்டிப் பொய் சொல்ல வச்சவன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை பஸ் வந்தது. அவனுக்குப் பதிலாகப் போகிற லெவியிடம், குளிருக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளிச் சட்டையைக் கொடுத்தான்.

லெவி அதைப் புரட்டிப் பார்த்தான். "யார் வீட்டுதுடா இது?"

"என்னுதுதான்" என்றான் ஈனோகா.

லெவி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டியதும் வாங்கிக்கொண்டான்.