கப்டன் இறக்கிய விமானம்

கப்டனை நினைத்தால் முதலில் வருவது அவருடைய சுட்டுவிரல். விமானத்தைத் தானாக ஓட்டும் ஓட்டோபைலட்டின் பொத்தானை அதனால் ஒருமுறை அமத்திவிட்டு, இனித் தனக்கு வேலையில்லை என்பதுபோல் கதிரையில் சாய்ந்துகொள்வார். "மிச்சத்தை அது பாக்கும், பிள்ளை" என்பார். நான் அவருக்குத் துணை விமானியாகப் பறந்த காலம் முழுவதும் இதைக் கேட்டேன். அவர் பருத்தித்துறை, நான் பக்கத்துத் தொண்டைமானாறு. ஊர்க்காரி என்பதால் என்னைச் சொந்த மகளாக நினைப்பதாகச் சொல்வார். நான் வாய் திறக்கும்போதெல்லாம் "சும்மா இரு" என்று அடக்கும் உரிமை அவருக்குக் கிடைத்ததுதான் அந்த உறவால் கண்ட பலன்.

வெளிநாடொன்றின் மலைகளுக்கு நடுவே ஒரு விமான நிலையம். பள்ளத்தாக்கு வழியே இறங்கிக்கொண்டு போய், கடைசியில் இடப்பக்கம் வளைந்தால்தான் ஓடுபாதை தெரியும். அன்று ஒரு கருமுகிலை விலத்துவதற்காகக் கப்டன் விமானத்தை 'ஹெடிங்' முறைக்கு மாற்றினார். அந்த முறையில் விமானம் நாங்கள் கொடுத்த திசையில் நேரே போகும். பதிந்துவைத்த பாதையில் வளைய வேண்டுமானால் 'நாவ்' பொத்தானைத் திரும்ப அமத்த வேண்டும். அவர் அமத்தவில்லை, அமத்தியதாக நினைத்துக்கொண்டார். விமானம் எந்த முறையில் போகிறது என்பது கண்ணுக்கு நேரே, திரையின் மேல்வரியில் எழுதியிருந்தது.

"கப்டன், இன்னும் ஹெடிங்கிலைதான் நிக்குது. வளைவு வருது."

"சும்மா இரு பிள்ளை. அது தன்ரை பாட்டிலை திரும்பும்."

"திரும்பாது. மேல்வரியைப் பாருங்கோ."

"நீ பிறக்க முதலே நான் பறந்தனான்."

பொத்தானை மறப்பது யாருக்கும் நடக்கும். அதற்காக நான் அவரை இகழவில்லை. கண்ணைச் சற்று உயர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் இளையவள் ஒருத்தி சொல்லி உயர்த்துவதா? அந்த வீறாப்புக்காக, பின்னால் இருந்த பயணிகள் அத்தனை பேரின் உயிரையும் பணயம் வைத்தார்.

மலை நெருங்கிவிட்டதென்று எச்சரிக்கைக் குரல் கத்தத் தொடங்கியது. அப்போதுதான் அந்த விரல் 'நாவ்' பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்தியது. பாதையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதால் ஓட்டோபைலட் அதை ஏற்கவில்லை. அவர் வேறொன்றும் செய்யவில்லை, குத்திக்கொண்டே இருந்தார். விமானம் இனி என் கையில் என்று சொல்லி, ஓட்டோபைலட்டை நிறுத்தி, முழு வலுவையும் கொடுத்து மூக்கை உயர்த்தினேன். முகில் விலகிய கணத்தில் கீழே ஒரு தகரக் கூரையும், அது காற்றில் பறக்காமல் இருக்க வைத்திருந்த கற்களும் தெரிந்தன. கற்கள் தெரியும் உயரத்தில் நாங்கள் இருந்தோம்.

சுற்றிவந்து, இரண்டாம் தடவை விமானத்தை நானே கொண்டுபோனேன். அதே ஓட்டோபைலட்தான். ஒவ்வொரு முறையையும் மேல்வரியில் பார்த்து வாய்விட்டு வாசித்தேன். அது ஒழுங்காக வளைந்தது. ஓடுபாதை தெரிந்ததும் ஓட்டோபைலட்டை நிறுத்திவிட்டுக் கையால் இறக்கினேன்.  இறங்கியதும் கப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்று, பயணிகளின் நன்றிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். விசாரணையில், எனக்குப் பழக்குவதற்காக விட்டுக்கொடுத்ததாகச் சொன்னார். விமான அறையின் ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் சத்தமில்லாமல் அவரை ஓய்வில் அனுப்பினார்கள்.

போன மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அக்காவின் மகள் பரிசு வாங்குகிறாள் என்று பள்ளிக்கூட விழாவுக்குப் போனேன். பிரதம விருந்தினர் கப்டன்.

"மெசின் கைவிட்டிட்டுது. நான் விடேல்லை. மலைக்கு நடுவிலை கையாலை இறக்கினனான்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறகு என்னைக் கண்டார். கண்டும் நிறுத்தவில்லை. "அண்டைக்கு என்னோடை இருந்த பிள்ளையும் உதிலை இருக்கிறா. பாவம், நல்லாப் பயந்து போனவ. என்ன பிள்ளை?"

ஒலிவாங்கியை என்னிடம் கொண்டுவந்தார்கள். எழுந்தேன்.

"ஓம், பயந்தனான். பயந்தபடியாத்தான் உங்கடை கையிலையிருந்து விமானத்தைப் பறிச்சனான். மெசின் ஒருத்தரையும் கைவிடேல்லை கப்டன். நீங்கள் காட்டின பக்கம்தான் அது போனது."

 பள்ளிக்கூட அதிபர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கைதட்டியவர் கப்டன்தான், முகம் நிறையச் சிரிப்போடு. உடனே எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள், அவரைப் பார்த்து.