இரண்டு விரற்கடை உயரம்

கெர்மனை மாஸ்கோவுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது ரிம்மாவைத் தவிர எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. பெர்ம் நகரத்துப் பனித்தளத்தில் தரை துடைக்கும் பெண்களுக்குத் தெரியும், ஸ்கேட் கத்தி தீட்டிக் கொடுப்பவருக்குத் தெரியும். ஒன்பது வருஷம் அவன் கையைப் பிடித்து ஆடியவளுக்குத்தான் தெரியவில்லை. மே மாதம் ஒரு காலை, ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு அவனுக்காக அரை மணி நேரம் காத்திருந்தாள். கடைசியில் பயிற்சியாளர் ஃபயீனா மார்க்கொவ்னா தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"அங்க ஒரு பொண்ணுக்கு ஜோடி வேணுமாம். ஸ்கேட்டிங் சம்மேளனத்துல முடிவு பண்ணிட்டாங்க. நேத்தே ரயில் ஏறிட்டான்."

"எங்கிட்ட சொல்லாமலா?"

"சொல்ற தைரியம் இருந்திருந்தா தீயணைப்புப் படையில சேர்ந்திருப்பான். டான்ஸ் ஆட ஏன் வர்றான்?"

ரிம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தளத்தில் இறங்கி இரண்டு சுற்று போனாள். பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஆறு வயதில் காமா நதி உறைந்து கிடக்கும்போது, அண்ணனுடைய ஸ்கேட்டில் மூன்று காலுறைகளைத் திணித்துக்கொண்டு ஆரம்பித்தவள். அப்பா கிடையாது. அம்மா அன்ஃபீசா டிராம் ஓட்டினாள். வீடு என்பது, நான்கு குடும்பங்களுக்குப் பொதுவான சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. அந்த அறையிலிருந்து கிளம்பி, கெர்மனோடு சேர்ந்து, சோவியத் நாடு முழுவதற்கும் ஐந்தாவது ஜோடி என்ற இடம்வரை வந்திருந்தாள்.

பனி நடனத்தில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்களுக்குத்தான் பஞ்சம். எலும்பில் வலுவிருக்கும் பையன்களை எல்லாம் ஐஸ் ஹாக்கி அள்ளிக்கொண்டு போய்விடும். ரிம்மாவுக்கு அந்த வருஷம் யாருமே அமையவில்லை. அவள் தனியாகவே ஆடினாள். காலை ஆறு மணிக்கு வந்து, இல்லாத ஒருவனின் தோளில் இடது கையையும் இல்லாத உள்ளங்கையில் வலது கையையும் வைத்துக்கொண்டு, ஜோடியாக ஆட வேண்டிய அடிகளையெல்லாம் ஒன்று விடாமல் ஆடினாள். ஏழு மணிக்குத் தளம் ஹாக்கிக்காரர்களுக்கு. அவர்கள் தடுப்பில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ரிம்மா, உன் வீட்டுக்காரர் ரொம்ப இளைச்சுட்டாரு போல. கண்ணுக்கே தெரியல."

"கண்ணுக்குத் தெரியற உன்னை மாதிரி ஆளு என் காலை மிதிப்பான். இவரு மிதிக்க மாட்டாரு. நகரு."

அடுத்த வருஷ இலையுதிர் காலத்தில் யெகோர் வந்தான். பத்தொன்பது வயது. தனி ஆட்டக்காரனாக இருந்தவன். காற்றில் மூன்று முறை சுழன்று இறங்கும் தாவல் கடைசிவரை கைகூடாததால் கழித்துவிட்டார்கள். மிட்டாய்த் தொழிற்சாலையில் பெட்டி சுமந்துகொண்டிருந்தவனை ஃபயீனா போய்க் கூட்டிவந்தார். தடுப்பருகில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரிம்மா இல்யீனிச்னா, நான் உங்க கையைப் பிடிக்கலாங்களா?"

தகப்பன் பெயரையும் சேர்த்து, பள்ளிக்கூட வாத்தியாரம்மாவைக் கூப்பிடுவது மாதிரி. ரிம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இடுப்பையும் பிடிக்கணும். நீங்க, வாங்கன்னு பேசிக்கிட்டே இடுப்பைப் பிடிச்சா ஜட்ஜுங்க சிரிப்பாங்க. நீன்னே சொல்லு."

"சரிங்க."

"பார்த்தியா."

அவன் 'நீ' என்று சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஃபயீனா இருவரையும் சுவரோரமாக நிறுத்தி அளந்து பார்த்தார். ரிம்மா அவனைவிட இரண்டு விரற்கடை உயரம். கொண்டையைச் சேர்த்தால் இன்னும் மோசம். முதல் உள்ளூர்ப் போட்டியில் அவர்கள் தளத்துக்குள் நுழைந்ததுமே யாரோ உரக்கச் சொன்னார்கள்: "அக்கா, தம்பியைப் பள்ளிக்கூடத்துல விட வந்திருக்கா." அரங்கமே சிரித்தது. ஆட்டம் முடிந்ததும் ஒரு நடுவர் ஃபயீனாவைத் தனியாக அழைத்து, ஆட்டம் மோசமில்லை, பார்க்கத்தான் சங்கடமாக இருக்கிறது என்றார்.

யெகோருடைய காலணிக்குள் தோல் அட்டை வைத்துப் பார்த்தார்கள். உயரம் வந்தது, நிலை போனது. ஒரே காலையில் நான்கு முறை விழுந்தான்.

"எனக்காக நீங்க... நீ வேற ஆள் பாத்துக்கோ" என்றான், பனித்தூளைத் தட்டிக்கொண்டே.

"ஆள் கடையிலயா விக்குது? எந்திரி."

அன்று வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவளுக்கு அது தோன்றியது. அவன் உயர வழியில்லை. அவள் தாழலாம். சும்மா குனிந்தால் கூன் விழுந்த மாதிரி இருக்கும். முதுகு நிமிர்ந்திருக்க, முழங்கால் மட்டும் மடிய வேண்டும். முழங்கால் எவ்வளவு மடிகிறதோ, கத்தி அவ்வளவு சாய்ந்து பனியைக் கவ்வும், வளைவும் அவ்வளவு ஆழமாக விழும். இது சின்ன வயதிலிருந்து எல்லாருக்கும் சொல்லித் தருவதுதான். கெர்மன் நெட்டையன். அவனோடு ஆடிய ஒன்பது வருஷமும் அவளுக்குப் பாதி மடித்தாலே போதுமாக இருந்தது.

மறுநாள் அம்மாவின் சிவப்புக் கம்பளி நூலைக் கொண்டுவந்து, தளத்தின் ஒரு மூலையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தன் நெற்றி உயரத்தில் கட்டினாள். முதுகு வளையாமல், வேகம் குறையாமல் அதன் அடியில் நுழைந்து போக வேண்டும். வாரம் ஒருமுறை நூல் அரை விரல் இறங்கும். "நீயும் மடி" என்று யெகோரையும் இழுத்தாள். அவள் மட்டும் தாழ்ந்தால் ஜோடி பொருந்தாது. இருவரும் சேர்ந்து தாழ்ந்தார்கள். மாலையில் டிராமிலிருந்து இறங்க முடியாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினாள். அம்மா தொடைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டினாள்.

"டான்ஸுன்னு சொல்லிட்டுப் போற. திரும்பி வர்றப்ப மூட்டை தூக்கினவ மாதிரி வர்ற."

ஏழு மாதம் போனது. ஒரு காலை ஃபயீனா தளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "போங்க" என்றார். பார்க்காமல் கேட்டார். மோசமான கத்தி பனியைச் சுரண்டும், கரகரவென்று. இவர்களுடைய நான்கு கத்திகளிலிருந்தும், பட்டுத்துணியைக் கத்தரிப்பது போல ஒரே ஒரு ஓசை வந்தது. ஃபயீனா திரும்பவில்லை. "இன்னொரு தடவை" என்றார். ஏழு மணி ஆகியும் ஹாக்கிக்காரர்கள் தளத்தில் இறங்காமல் தடுப்பிலேயே சாய்ந்து நின்றார்கள்.

அந்த ஆண்டு தேசியப் போட்டியில் ஆறாம் இடம் வந்தார்கள். அதற்கடுத்த ஆகஸ்டில் கெர்மன் வந்தான்.

பனித்தளத்துச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்திருந்தான். மாஸ்கோக் கோட்டு, வெளிநாட்டுக் காலணி. அவன் முன்னால் ஒரு தட்டு நிறைய, கடித்தால் சாறு பீய்ச்சும் பெர்ம் கறிப் பணியாரம்.

"மாஸ்கோல இது கிடைக்கறதில்ல" என்றான்.

"அதுக்கா வந்த?"

"என் ஜோடி கல்யாணம் பண்ணிக்கிட்டு விலகிட்டா. சம்மேளனத்துல உன் பேரைச் சொன்னேன். சரின்னுட்டாங்க. தனி ஃப்ளாட் தர்றாங்க, ரிம்மா. அம்மாவையும் கூட்டிக்கலாம். மார்ச்ல உலகப் போட்டி. நாம ரெண்டு பேரும்னா பயிற்சியே தேவையில்ல."

"போகும்போது சொல்லிட்டுப் போகல நீ."

"சின்னப் புத்தி. ஒத்துக்கறேன்." அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு சுற்று போய்ப் பாப்போமா?"

போனார்கள். ஃபயீனா பார்த்தார், தரை துடைக்கும் பெண்கள் பார்த்தார்கள், யெகோரும் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்தான். கை வைத்ததும் கை பொருந்திக்கொண்டது. இரண்டு வருஷ இடைவெளி எங்கே போனதென்றே தெரியவில்லை. மூச்சு வாங்காமல் ஒரு முழு வால்ட்ஸ் நடனம் முடிந்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம் அவளை இழுத்தது உண்மை. நின்றதும் யெகோர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அவன் வெளியே போயிருந்தான்.

அன்று மாலை அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள், "அங்கெல்லாம் குழாயிலயே வெந்நீர் வருதாம். சமையல் ரூமுக்குச் சண்டை போட வேண்டாம்."

"வரும்."

"அந்தக் குட்டையன் உனக்கு என்ன தரப்போறான்?"

"அவன் ஒண்ணும் தர வேணாம்மா. கெர்மனோட ஆடுறப்ப நான் சும்மா நிக்கிறேன். அவன் என்னை எடுத்துட்டுப் போறான். இன்னிக்குத்தான் அது தெரிஞ்சுது."

அம்மா கத்தியை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அப்ப இங்கயே இரு. நாளைக்கு அடுப்பு நம்ம முறை, சீக்கிரம் எந்திரி."

மறுநாள் காலை ஆறு மணிக்கு யெகோர் வரவில்லை. ரிம்மா மிட்டாய்த் தொழிற்சாலைக்கே போனாள். அவன் பழையபடி பெட்டி சுமந்துகொண்டிருந்தான்.

"போகலியா நீ?" என்றான்.

"நூலை இன்னும் அரை விரல் இறக்கணும். வா."

அவன் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அவள் பின்னால் நடந்தான்.

அந்தக் குளிர்காலத் தேசியப் போட்டிக்குக் கெர்மன், லெனின்கிராதிலிருந்து தேடிப் பிடித்த ஒரு பெண்ணோடு வந்தான். முதல் நாள் கட்டாய நடனங்கள். எல்லா ஜோடிகளுக்கும் ஒரே இசை, ஒரே அடிகள். பளபளக்கும் உடையோ, கண்ணைக் கவரும் கதையோ அங்கே யாரையும் காப்பாற்றாது. கத்தி பனியில் என்ன செய்கிறது என்பது ஒன்றுதான் கணக்கு. சீட்டுக் குலுக்கலில் ரிம்மாவுக்கும் யெகோருக்கும் முதலாவதாக ஆட விழுந்தது. முதலில் ஆடுகிறவர்களுக்கு நடுவர்கள் கையை இறுக்கித்தான் மதிப்பெண் போடுவார்கள்.

வால்ட்ஸ் தொடங்கியது. இரண்டாவது வளைவிலேயே இருவரும் தரையோடு தரையாகப் போனார்கள், முதுகு மட்டும் மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்திருந்தது. யார் உயரம், யார் குட்டை என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. முடிந்தபோது, தங்கள் ஜோடிகளோடு ஓரமாக நின்ற பிற ஊர்ப் பயிற்சியாளர்கள் சிலர் கைதட்டினார்கள். போட்டியாளர்களின் பயிற்சியாளர்கள் கைதட்டுவது அங்கே வழக்கமில்லை. எல்லாரும் ஆடி முடித்த பிறகும் அந்த நடனத்தில் பெர்ம் ஜோடியே முதலிடத்தில் இருந்தது.

நடைகூடத்தில் கெர்மன் எதிரே வந்தான். "உன் முழங்கால் எப்பலேர்ந்து இப்படி மடிய ஆரம்பிச்சுது?"

"நீ போனதுக்கப்புறம்."

அவன் தலையாட்டினான். அதில் பொறாமை இல்லை.

உடையும் கதையும் எடுபடும் மற்ற நடனங்களையும் சேர்த்து, மூன்று நாள் முடிந்து கணக்குக் கூட்டியபோது ரிம்மாவும் யெகோரும் நான்காவது. மூன்று ஜோடிகள்தான் ஐரோப்பியப் போட்டிக்குப் போகும். கெர்மன் மூன்றாவது. யெகோர் உடைமாற்றும் அறையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரிம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஸ்கேட்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

"மாஸ்கோ போயிருந்தா இப்ப நீ ஐரோப்பியப் போட்டிக்குப் போயிருப்ப" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

"ஆமா."

"வருத்தமில்லையா?"

"இருக்கு. நாளைக்கும் இருக்கும். அதுக்காகக் காலையும் நீட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? ரயிலுக்கு நேரமாச்சு."

அடுத்த இரண்டு வருஷமும் நான்காவதுதான். வேறொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். அவள் விடவில்லை. இருபத்தொன்பதாவது வயதில், கெர்மன் ஆட்டத்தை விட்டு ஒரு வருஷம் ஆன பிறகு, அவர்கள் மூன்றாம் இடத்துக்கு வந்து ஐரோப்பியப் போட்டிக்குப் போனார்கள். அங்கே பயிற்சி நேரத்தில் வேறு நாட்டு ஜோடிகள் வேலையை நிறுத்திவிட்டுத் தடுப்போரம் வந்து நின்று பார்த்தன. ஒரு ஃபின்லாந்துப் பெண் சைகையால் கேட்டாள், எப்படி இவ்வளவு தாழ்கிறீர்கள் என்று. பொதுவான மொழி எதுவும் இல்லாததால் ரிம்மா யெகோருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, தன் தலையையும் அவன் தலையையும் கையால் அளந்து காட்டினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யெகோரும் சிரித்தான்.

வசந்தத்தில் ரிம்மாவின் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு அவள் போட்டிக்கு ஆடவில்லை. ஐரோப்பாவில் எத்தனையாவது இடம் என்று இன்றைக்குக் கேட்டாலும் குறைத்தோ கூட்டியோ சொல்ல மாட்டாள். "பதினெட்டு ஜோடியில ஏழாவது" என்பாள், வீட்டு முகவரியைச் சொல்வது போல, தெளிவாக.