கண்ணாடிய ஏத்து

குடிகாடு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என் மாமியார் எனக்குப் பழக்கிய முதல் வீட்டு வேலை, ஜன்னல் சாத்துவது. பக்கத்திலேயே கெமிக்கல் கம்பெனிகள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சில நாள் அழுகிய முட்டை மாதிரி, சில நாள் நகப்பூச்சு மாதிரி ஏதோ ஒன்று உள்ளே வரும். "காத்து திரும்பிடுச்சி" என்று யாராவது ஒருவர் குரல் கொடுத்தால் போதும், தெரு முழுக்க ஜன்னல்கள் சாத்தப்படும். என்ன நாற்றம், எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. நான் பிறந்தது சிதம்பரம். எங்கள் வீட்டில் நாற்றம் அடித்தால் ஜன்னலைத் திறப்போம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் சாத்துகிற கட்சிக்கு மாறிவிட்டேன்.

அந்தப் பழக்கம் காருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய பெட்ரோல் கார் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போவோம். கணவர் ஓட்டுவார். மகள் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். போன மழைக்காலத்துக்குப் பிறகு, கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஏதோ வாடை வர ஆரம்பித்தது. நான் மூக்கைச் சுளித்தேன்.

"காத்து திரும்பிடுச்சி. கண்ணாடிய ஏத்து" என்றார் கணவர். ஏற்றினேன்.

புதுச்சத்திரம் வருவதற்குள் மகள் தலை வலிக்கிறது என்றாள். சிதம்பரத்தில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். பிள்ளைக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு கட்டி, அடுத்த வாரத்திலிருந்து கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கூட்டிப் போனோம். தலைவலி மட்டும் எலுமிச்சம்பழத்துக்குக் கட்டுப்படவில்லை.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியாயிற்று, கம்பெனிகள் எங்கோ பின்னால் போய்விட்டன, வாடை மட்டும் போகவில்லை.

"மாமா, இது நம்ம ஊர் நாத்தம் இல்ல. பெட்ரோல் வாடை. நம்ம கூடவே வருது" என்றேன்.

"இத்தன வருஷமா கம்பெனியில இருக்கேன், எனக்குத் தெரியாத நாத்தமா? சும்மா வா."

சும்மா வந்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

அடுத்த வாரம் முழுக்க அந்தக் காரோடு மல்லுக்கட்டினேன். முன்பக்கம் பானெட்டைத் திறந்து முகர்ந்தால் ஒன்றுமில்லை. பின் கதவைத் திறந்தால் குப்பென்று அடித்தது. டேங்க் நிறைய இருந்தால் வாடை ஜாஸ்தி, பாதிக்குக் கீழே இறங்கினால் அடங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. சிதம்பரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"பெட்ரோல் பம்ப்பு பின் சீட்டுக்குக் கீழதான் இருக்குக்கா, டேங்க்குக்கு உள்ள" என்றான். "அதோட மூடியில கசியுது போல. ஃபுல் டேங்க்கா இருந்தா மூடி வரைக்கும் வந்து முட்டும். பாதி தீந்தப்புறம் எடுத்துகிட்டு வா. பாப்பாவ ஏத்தாத. கண்ணாடிய நல்லா எறக்கி வுட்டுகிட்டு வா."

பிள்ளையை அந்தப் பம்ப்புக்கு மேலேயே படுக்க வைத்து, கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறோம்.

கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஷெட்டுக்கு வந்தார். தம்பி பேட்டரி ஒயரைக் கழற்றினான், நான்கு கதவுகளையும் திறந்துவைத்தான், பின் சீட்டைத் தூக்கினான். கீழே ஒரு தகட்டு மூடி. அதைக் கழற்றியதும் பம்ப்பின் தலை தெரிந்தது. சுற்றிலும் மண் பெட்ரோலில் ஊறிக் களி மாதிரி அப்பியிருந்தது.

"ரப்பர் ரிங் வெடிச்சிருக்கு. பம்ப்புலயும் அழுத்தம் நிக்கல, அதான் ஸ்டார்ட் ஆவ இழுக்குது. ரெண்டையும் மாத்திடலாம்" என்றவன், கணவரைப் பார்த்து, "மாமா, நீங்களே மோந்து பாருங்க" என்றான்.

அவர் காருக்குள் குனிந்தார். நான் ஜெயித்த திமிரோடு பின்னால் நின்றேன். இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு ஆசை. அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கல."

தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணில் விளையாட்டு இல்லை.

எதிர்த்த டீக்கடைக்கு அழைத்துப் போய்த்தான் பேச வைத்தேன். கொரோனா காய்ச்சல் வந்தபோது போன வாசனை அவருக்குத் திரும்பவே இல்லையாம்.

"அப்பறம் எப்பிடி காத்து திரும்பிடுச்சின்னு சொல்லுவீங்க?"

"நீ மொகத்த சுளிப்ப. அதப் பாத்து சொல்லுவேன்."

இத்தனை நாள் என்னை மதிக்காமல்தான் அப்படிச் சொல்கிறார் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவள் நான். அவர் பார்த்துக்கொண்டிருந்ததே என் முகத்தைத்தான். கோபம் போன இடம் தெரியவில்லை, அழுகை வந்தது.

"கம்பெனியில சொன்னீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார். ஷிப்ட்டில் குழாய்களையும் வால்வுகளையும் சுற்றிப் பார்ப்பதுதான் அவர் வேலை. எங்கேயாவது கசிந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியவரும். அது இல்லை என்று சொன்னால் வேலைக்கு ஆகாது என்றுவிடுவார்கள் என்கிற பயம் அவருக்கு. அழுகையும் நின்று, இப்போது அவர் பயத்தைவிடப் பெரிய பயம் எனக்கு வந்துவிட்டது.

"இன்னிக்கே சொல்லிடுங்க மாமா."

"வேலை போயிட்டா?"

"கார்ல நான் இருந்தேன். அங்க யாரு மொகத்த பாப்பீங்க?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து ஷிப்ட் இன்சார்ஜ் நம்பரைத் தேடினார்.